தொப்பை ஆபரேஷனுக்கு முன்பணம் கேட்கிறார்கள். கட்டுவதற்கு முன் என்னென்ன விசாரிக்க வேண்டும்?

கொங்குக்கிளி:

வணக்கம். அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 38, உயரம் 158 செ.மீ., எடை 68 கிலோ. இரண்டும் சிசேரியன், சின்னவனுக்கு 4 வயது. சர்க்கரை, பிரஷர் இல்லை. தைராய்டு மாத்திரை 50 தினமும் போடுகிறாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அடிவயிற்றுத் தோல் மடிந்து தழும்பின் மேல் தொங்குகிறது. படுக்கையிலிருந்து எழும்போது நடுவயிறு கூரை முகடு மாதிரி புடைக்கிறது.

ஒரு காஸ்மெடிக் கிளினிக்கில் விசாரித்தோம். லேசர் லைப்போவும் (கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) டம்மி டக்கும் (தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டித் தைப்பது) சேர்த்துச் செய்யலாம், காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். பேக்கேஜ் 1,60,000 ரூபாய். இந்த வாரத்துக்குள் 25,000 கட்டினால்தான் இந்த விலையாம். பேசியதெல்லாம் ஆலோசகர் என்று ஒரு பெண்மணி. டாக்டரை ஆபரேஷன் அன்று பார்க்கலாம் என்றார்.

இரண்டும் ஒரே நாளில் செய்வது சரிதானா? லைப்போ மட்டும் போதாதா? கிளினிக்கில் என்ன கேட்டால் அவர்களின் தரம் தெரியும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தையல்காரன்:

முன்பணம் இப்போது வேண்டாம். கத்தி பிடிக்கப்போகிறவர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் எந்த ஆபரேஷன் என்பது முடிவாகிவிட்டது. அந்த இடத்தைத் தவிர்க்க இந்த ஒரு காரணமே போதும்.

வயிறு முன்தள்ளித் தெரிவது நாலு வகையில். ஒன்று தோல் தளர்ச்சி. அடுத்தது தோலுக்கும் தசைக்கும் நடுவிலுள்ள கொழுப்பு. மூன்றாவது, கர்ப்பத்தில் விரிந்த நடுக்கோடு திரும்பச் சேராமல் இரு தசைப் பட்டைகளும் விலகியே நிற்பது. நாலாவது வயிற்றறைக்குள், குடலைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு. லைப்போ இரண்டாவதை மட்டுமே தொடும். டம்மி டக்கில் தொங்கும் தோலும் அதனடிக் கொழுப்பும் வெட்டி எடுக்கப்படும், விலகிய தசையும் இழுத்துத் தைக்கப்படும். நாலாவதை உலகத்தில் எந்த பிளாஸ்டிக் சர்ஜனாலும் எடுக்க முடியாது. அதற்குச் சாப்பாடும் நடையும்தான்.

எது எவ்வளவு என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். காலையில் வெறும் வயிற்றில் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். வயிறு தட்டையாகி விலா விளிம்புக்குக் கீழே இறங்கினால் சிக்கல் வெளிச்சுவரில். படுத்தாலும் மேடாகவே நின்றால் உள்கொழுப்பு அதிகம், அப்படிப்பட்டவருக்கு டம்மி டக் செய்தாலும் ஏமாற்றமே மிஞ்சும். அடுத்து, முழங்காலை மடக்கி, தலையையும் தோளையும் மட்டும் சற்றே தூக்கட்டும். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல்களைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் அகலமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் தசை விலகல். தொப்புளருகே இருமும்போது சின்ன உருண்டை எழும்பினால் குடலிறக்கமாக (ஹெர்னியா) இருக்கலாம், அதற்கு அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடுங்கள்.

எழும்போது முகடு கட்டுகிறது என்கிறீர்கள். அது பெரும்பாலும் தசை விலகல்தான். லைப்போ மட்டும் செய்தால் முகடு அப்படியே இருக்கும், கொழுப்பு போன தோல் இன்னும் அதிகமாகத் தொங்கும். முகடும் முதுகுவலியும் மட்டுமே அக்காவின் கவலை என்றால், ஆறு மாதம் நல்ல பிசியோதெரபிஸ்ட்டிடம் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதில் ஒரு நட்டமும் இல்லை. மடிந்து தொங்கும் தோலுக்கு மட்டும் உடற்பயிற்சி பலன் தராது.

அவர் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, சுமார் 27. முப்பதுக்குக் கீழ் இருப்பது நல்லது. அதைவிட முக்கியம், எடை குறைந்தது ஆறு மாதமாக ஒரே நிலையில் இருப்பது. இன்னும் ஐந்தாறு கிலோ குறைக்கும் எண்ணமிருந்தால் முதலில் அதை முடிக்கட்டும். இன்னொரு குழந்தை யோசனை இருந்தாலும் தள்ளிப்போட வேண்டியதுதான். கர்ப்பம் ஆபத்தாகாது, ஆனால் தைத்த தசை மறுபடி விரிந்துவிடும்.

டம்மி டக் என்றால் என்ன என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஆலோசகர்கள் இதைச் சொல்வதில்லை. ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை நீண்ட வெட்டு. சிசேரியன் தழும்பு பெரும்பாலும் வெட்டியெடுக்கும் தோலோடு போய்விடும், ஆனால் அதைவிட இரண்டு மூன்று மடங்கு நீளத்தில் புதிய தழும்பு வரும். தோலும் கொழுப்பும் விலா வரை தசையிலிருந்து பிரிக்கப்படும். தொப்புள் இருந்த இடத்திலேயே நிற்க, அதைச் சுற்றி வெட்டி, கீழே இழுத்த தோலில் புதிய துளை போட்டுத் தைப்பார்கள். ஆகவே தொப்புளைச் சுற்றியும் ஒரு தழும்பு. பிரசவக் கோடுகளில் தொப்புளுக்குக் கீழே உள்ளவையே பெரும்பாலும் போகும், மேலே உள்ளவை கொஞ்சம் கீழிறங்கி அங்கேயே இருக்கும். அடிவயிற்றில் மரத்த உணர்வு பல மாதம் நீடிக்கும், ஒரு சிறு பகுதியில் நிரந்தரமாகவும் தங்கலாம்.

நம் மாநிறத் தோலில் தழும்பு தடித்து எழும்ப வாய்ப்பு அதிகம். காது குத்திய இடத்திலோ பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடத்திலோ சிசேரியன் கோட்டிலோ ஏற்கெனவே தடித்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே காட்டுங்கள். புண் முழுதாக மூடிய பிறகு சிலிகான் ஷீட்டை ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதம் ஒட்ட வேண்டியிருக்கும். தழும்பு மங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். மூன்றாவது மாதத்தில் சிவந்து தடித்திருப்பதைப் பார்த்துப் பயந்து, வேறு இடத்துக்குப் போய் லேசர் அடித்துக்கொள்ள வேண்டாம்.

---

மாங்கனி சேலம்:

எதுக்கு இவ்வளவு பெரிய வெட்டு? லைப்போவில் 5 லிட்டர் வரைக்கும் எடுக்கிறாங்க, 5 கிலோ ஒரே நாளில் போயிடும். மெஷின் நல்ல மெஷினா இருக்கணும், அவ்ளோதான். ஃபேட் ஃப்ரீசிங்னு கொழுப்பைக் குளிர்ல உறைய வெச்சு, ஊசியே இல்லாமயும் பண்றாங்க.

---

மயக்கவாத்தியார்:

மாங்கனி, இரண்டு கணக்கும் தப்பு.

உறிஞ்சிய 5 லிட்டர் முழுக்கக் கொழுப்பு இல்லை. உறிஞ்சுவதற்கு முன் அந்த இடத்தில் லிட்டர் கணக்கில் திரவம் ஏற்றுகிறார்கள். வெளியே வருவதில் அந்தத் திரவமும் கொஞ்சம் இரத்தமும் சேர்ந்தே இருக்கும். லைப்போ வடிவத்தை மாற்றும் சிகிச்சை. எடை குறைக்கும் சிகிச்சை அல்ல. 5 லிட்டர் என்பது இலக்கும் அல்ல, எச்சரிக்கைக் கோடு. அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் 5 லிட்டருக்கு மேல் எடுப்பதைப் பெரிய அளவு லைப்போ என்று தனியாகப் பிரித்து, அதை முறையான மருத்துவமனையில், இரவு முழுக்கக் கண்காணிப்போடு செய்ய வேண்டும் என்கிறது. உடலுக்குள் நீரும் உப்பும் இடம்மாறும் வேகம் அப்படி.

ஃபேட் ஃப்ரீசிங் தொங்கும் தோலுக்கு உதவாது. அபூர்வமாக, உறைய வைத்த இடத்தில் கொழுப்பு கரைவதற்குப் பதில் கட்டியாகப் பெருக்கவும் செய்யும். மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா 2021-இல் தனக்கு நேர்ந்ததாக வெளிப்படையாகச் சொன்னது இதைத்தான். அந்தப் பெருக்கம் தானாகப் போகாது, கடைசியில் லைப்போதான் செய்ய வேண்டி வரும்.

கொங்குக்கிளி, "காலையில் வந்து மாலையில் போகலாம்" என்பதற்கு வருகிறேன். லைப்போவுக்கு ஏற்றும் திரவத்தில் ஒரு லிட்டர் சலைனுக்கு 500 முதல் 1000 மில்லிகிராம் வரை லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்து, 1 மில்லிகிராம் அட்ரினலின், கொஞ்சம் சோடா பைகார்பனேட் கலப்பார்கள். ஜெஃப்ரி கிளைன் என்ற கலிபோர்னியா தோல் மருத்துவர் 1980-களில் கொண்டுவந்த முறை. இரத்த இழப்பை வெகுவாகக் குறைத்தது இதுதான். ஆனால் லிக்னோகெய்னுக்கு உச்சவரம்பு உண்டு. இந்த முறையில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 35 மில்லிகிராம். 55 வரை போகலாம் என்போரும் உண்டு, ஆனால் 35-ஐத் தாண்டாமல் இருப்பதே நிம்மதி. அக்காவின் 68 கிலோவுக்கு 2,380 மில்லிகிராம். லிட்டருக்கு 1000 கலந்தால் இரண்டேகால் லிட்டரைத் தாண்டியதும் வரம்பு முடிந்தது. 500 கலந்தால் நாலே முக்கால் லிட்டர் வரை இடமுண்டு. முழு மயக்கத்தில் செய்வதானால் இன்னும் குறைவாகவே கலக்கலாம், ஏனென்றால் வலியை அடக்க வேறு மருந்து இருக்கிறது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் இடத்தில் படுக்கவே கூடாது.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். கொழுப்பிலிருந்து அந்த மருந்து மெதுவாகத்தான் இரத்தத்தில் கலக்கும். உச்ச அளவை எட்டுவது சுமார் 12 முதல் 14 மணி நேரம் கழித்து. காலை 10 மணிக்கு ஏற்றியது, நள்ளிரவில்தான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரம் அக்கா வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். உதடும் நாக்கும் மரத்துப்போவது, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தசை துடிப்பு, பிறகு வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு என்று ஏறிக்கொண்டே போகும் நச்சு அது. மாற்று மருந்து 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் என்ற கொழுப்புக் கரைசல், கிலோவுக்கு ஒன்றரை மி.லி. உடனே ஏற்ற வேண்டும். அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். லைப்போவும் டம்மி டக்கும் சேர்த்துச் செய்தால் குறைந்தது ஒரு இரவாவது படுக்கையில் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டும் சேர்த்துச் செய்வதே தப்பு என்று சொல்லவில்லை. விலாப்புறத்தில் அளவோடு லைப்போ சேர்ப்பது வழக்கம்தான். ஆனால் நேரமும் இரத்தக்கட்டு அபாயமும் கூடும்.

இரத்தக்கட்டுதான் இந்த ஆபரேஷனில் உயிர் போகும் முக்கிய வழி. வயிற்றை இறுக்கித் தைத்ததும் உள்ளழுத்தம் கூடி, காலிலிருந்து இரத்தம் மேலேறுவது மந்தமாகும். அதோடு குனிந்தபடி படுக்கை. காலில் இரத்தம் உறைந்து கட்டி, அது நுரையீரலுக்குப் போனால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆகவே: ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தால் நாலு வாரம் முன்பே டாக்டர் சொல்படி நிறுத்த வேண்டும், ஆபரேஷன் நடக்கும்போதே காலில் காற்று பம்ப் உறை ஓட வேண்டும், அன்று மாலையே எழுந்து நடக்க வேண்டும், இரத்தக்கட்டு அபாயத்துக்கு டாக்டர் போடும் மதிப்பெண் அதிகமென்றால், இரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சபாரின் ஊசி. குடும்பத்தில் யாருக்காவது காலில் இரத்தக்கட்டு வந்திருந்தாலோ அக்காவுக்கு அடுத்தடுத்துக் கருச்சிதைவு ஆகியிருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மதிப்பெண்ணில் இவை சேரும்.

மயக்க மருத்துவர் யார் என்று தனியாகக் கேளுங்கள். ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே அவர் நேரில் பார்த்திருக்க வேண்டும். ஹீமோகுளோபின், பிளேட்லெட், இரத்தம் உறையும் நேரம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், சர்க்கரை, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஈ.சி.ஜி., கர்ப்பப் பரிசோதனை இவையெல்லாம் வேண்டும். தைராய்டு மாத்திரையை அன்று காலையும் ஒரு மடக்குத் தண்ணீரில் போடலாம். திட உணவு 6 மணி நேரம் முன்பே நிறுத்தம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன் வரை. தியேட்டரில் ஆக்சிஜன், மூச்சுக் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் மூன்றும் இருக்கிறதா, ஐ.சி.யூ. அதே கட்டடத்திலா, இல்லையென்றால் எந்த மருத்துவமனை, எத்தனை நிமிடம் என்றும் கேளுங்கள்.

லேசரா வேசரா (அல்ட்ராசவுண்ட் மெஷின்) என்பதை எல்லாம் கடைசியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

---

கொங்குக்கிளி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அக்காவைப் படுக்க வைத்துப் பார்த்தோம். வயிறு தட்டையாகிறது. நடுவில் மூன்று விரல் இறங்குகிறது.

கிளினிக் டாக்டர் பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ்., காஸ்மெட்டாலஜி டிப்ளமோ, ஏதோ ஒரு ஃபெல்லோஷிப் என்று போட்டிருக்கிறது. இது போதுமா? மாமா துபாயில் இருக்கிறார், இரண்டு வாரம்தான் லீவு. அவர் வந்து போவதற்குள் எல்லாம் முடிந்துவிடுமா?

---

தையல்காரன்:

போதாது. இந்தியாவில் பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்று வருடம் பொது அறுவை எம்.எஸ்., அதற்கு மேல் மூன்று வருடம் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி. தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. அல்லது டி.ஆர்.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரியும் சமமே. காஸ்மெட்டாலஜி டிப்ளமோ சில மாத வகுப்பு. அதை வைத்து வயிற்றைத் திறக்க முடியாது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அழகியல் சிகிச்சைகள் பற்றிய வழிகாட்டலில், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்றே எழுத வேண்டி வந்தது. அந்த அளவுக்கு நிலைமை.

பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பெயரையும் எண்ணையும் போட்டுத் தேடலாம். எம்.பி.பி.எஸ். மட்டும் காட்டுகிறதா, மேற்படிப்பும் சேர்த்துப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கிளினிக்குக்கும் தனியாக 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவுச் சான்று இருக்க வேண்டும். 2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் பிறகு ஒரு மருத்துவ மாணவர் இறந்தார். விசாரித்தபோது அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம் மட்டுமே. சுவரில் மாட்டிய சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் படிப்பதில் கூச்சம் வேண்டாம்.

டாக்டரிடம் கேட்க: இந்த ஆபரேஷனை முழுக்க நீங்களே செய்வீர்களா? என் வயிறு மாதிரியே உள்ளவர்களின் முன்-பின் படங்கள், ஆறு மாதம் கழித்து எடுத்தவை, இருக்கிறதா? நீர் கோத்தாலோ ஓரத்தில் தோல் கரைந்தாலோ யார் பார்ப்பது, எங்கே, யார் செலவு? அவர் அருகிலுள்ள எந்த மருத்துவமனையில் அனுமதிபெற்ற சர்ஜன்? கடைசிக் கேள்வி முக்கியம். ஒரு நல்ல மருத்துவமனை அவருக்குத் தன் தியேட்டரைத் திறந்துவிடுகிறது என்றால், அவருடைய படிப்பை அந்த மருத்துவமனையும் ஒருமுறை சரிபார்த்திருக்கும்.

ஒப்புதல் படிவம் தமிழில் கேளுங்கள். "தேவைப்பட்டால் பிற சிகிச்சைகளும்" என்ற வரி இருந்தால் எந்தச் சிகிச்சை என்று எழுதச் சொல்லுங்கள். உயிர் காக்கும் அவசரம் தவிர, ஒப்புக்கொண்டதற்கு மேல் எதையும் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமிரா கோலி வழக்கில் சொல்லியிருக்கிறது. படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் ஒப்புதல் தனித் தாளில் இருக்க வேண்டும், மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

அரசு மருத்துவக் கல்லூரிகளையும் மறந்துவிடாதீர்கள். சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை உண்டு. அங்கே விபத்தும் தீக்காயமும் முன்னே நிற்கும், அழகுக்கான ஆபரேஷனுக்குக் காத்திருக்க நேரும். ஆனால் 'உனக்கு இது தேவையா' என்ற கருத்தைக் கேட்க, விற்க எதுவும் இல்லாத ஓ.பி.யைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டு வாரம் லீவுக்குள் முடியாது. அதைப் பற்றி வார்டில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

---

வார்டு அக்கா:

வந்தேன். மாமாவோட லீவைப் பார்த்து ஆபரேஷன் தேதி வைக்காதீங்கம்மா. அவர் கிளம்புற நேரத்துலதான் பிரச்சினைங்க தலைகாட்டும்.

முதல் வாரம் நிமிர்ந்து நிக்கக் கூடாது. இடுப்புல குனிஞ்சபடிதான் நடக்கணும், இல்லன்னா தையல்ல இழுப்பு வரும். கட்டில் தலைமாட்டை 30 டிகிரி தூக்கி, முழங்காலுக்கு அடியில தலையணை. பாய்ல படுக்கிறது, குந்தி உட்கார்ந்து போற கக்கூஸ் ரெண்டும் ஆகாது. வெஸ்டர்ன் இல்லன்னா கமோடு நாற்காலி முன்கூட்டியே வாங்கி வைங்க. வலி மாத்திரையால மலச்சிக்கல் வரும், முக்கவே கூடாது, அதனால டாக்டர்கிட்ட லாக்டுலோஸ் கேட்டு முதல் நாள்ல இருந்தே குடுங்க. இருமல், தும்மல் வந்தா வயித்து மேல தலையணையை அணைச்சுப் பிடிச்சுக்கணும்.

ரெண்டு பக்கமும் உள்ளே சேர்ற நீரை வெளியேத்துற டிரெயின் குழாய் இருக்கும். ஒரு நோட்டுல தேதி, நேரம், எத்தனை மி.லி., என்ன நிறம்னு எழுதுங்க. 24 மணி நேரத்துல ஒரு குழாய்ல 30 மி.லி.க்குக் கீழ இறங்கினாதான் பெரும்பாலும் எடுப்பாங்க. சிலருக்கு நாலு நாள், சிலருக்கு பத்து நாளுக்கு மேல. மாமா ஊருக்குப் போகணும்னு சீக்கிரம் உருவினா உள்ளே நீர் கோக்கும். இந்த ஆபரேஷன்ல அதிகமா வர்ற தொந்தரவே அந்த நீர் கோக்குறதுதான். வயித்தைத் தட்டினா உள்ளே தண்ணி அலையுற மாதிரி தெரியும். ஓ.பி.யில ஊசி வெச்சு உறிஞ்சிடலாம், ஆனா நாலைஞ்சு தடவை வர வேண்டியிருக்கும். அதனால வீட்டுல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போற இடமா பாருங்க.

வயித்துல கட்டுற பெல்ட் ஆறு வாரம். இறுக்கமா கட்டினாதான் நல்லதுன்னு சிலர் மூச்சு முட்ட இறுக்குவாங்க. தோலுக்கு ரத்தம் போகாது! பெல்ட்டுக்கு உள்ளே ரெண்டு விரல் போகணும், மடிப்பு விழாம இருக்கணும். தினமும் ரெண்டு தடவை அவுத்துப் பாருங்க. தொப்புளுக்குக் கீழே நடுவுல தோல் ஊதா நிறமா, கருப்பா மாறினா அன்னைக்கே டாக்டருக்குப் போட்டோ அனுப்பிட்டுப் போய் நில்லுங்க. மரத்துப் போயிருக்குற இடத்துல சூட்டுப்பை வைக்காதீங்க, வெந்துபோனாலும் அவங்களுக்குத் தெரியாது.

பத்தியம்னு சொல்லி முட்டை, பருப்பு, தயிர் எல்லாத்தையும் நிறுத்துறது நம்ம ஊர் வழக்கம். சீழ் பிடிக்கும்னு சொல்வாங்க. புண்ணு ஆறவே புரதம் வேணும், தினமும் 70 கிராமாவது. முட்டை, மீன், சுண்டல், பருப்பு தாராளமா குடுங்க. தையல் மேல மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் தடவாதீங்க.

ஆறு வாரத்துக்கு அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. தண்ணிக் குடம், சிலிண்டர் நகர்த்துறது, நாலு வயசுப் பையனை இடுப்புல வெக்கிறது எதுவும் கூடாது. உள்ளே தெச்ச தசை பிரிஞ்சா மறுபடி முதல்ல இருந்து. ஸ்கூட்டி மூணு நாலு வாரம் கழிச்சு. நீண்ட பஸ், விமானம் எல்லாம் ஒரு மாசம் தள்ளிப்போடுங்க.

ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ கிளினிக்குக்கு போன் போட்டுக் காத்திருக்காதீங்க. 108. அது மூணாவது வாரத்துல கூட வரும். 100.4-க்கு மேல காய்ச்சல், வெட்டுல நாத்தம், டிரெயின்ல திடீர்னு சிவப்பு ரத்தம் நிறைய வந்தாலும் அதே நாள் போகணும்.

வீட்டுல யாராவது பீடி, சிகரெட் புகையை அவங்க பக்கத்துல விட்டா நிறுத்தச் சொல்லுங்க. அவங்களே புகைக்கிறவங்களா இருந்தா முன்ன பின்ன நாலு வாரம் கண்டிப்பா நிறுத்தணும். தோல் கருகுறதுக்கு அதைவிடப் பெரிய காரணம் இல்ல.

---

பில்மேசை:

பணப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

1,60,000 என்பதில் வரி சேர்ந்ததா என்று கேளுங்கள். மருத்துவ சேவைக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. கிடையாது, ஆனால் அழகுக்கான அறுவைக்கு அந்த விலக்கு இல்லை. 18 சதவீதம், அதாவது 28,800 கூடும். பிறவிக் குறை, விபத்து, காயம் போன்றவற்றால் கெட்ட உறுப்பைச் சீரமைப்பதென்றால் வரி வராது.

இன்சூரன்ஸ் வராது. எல்லா பாலிசியிலும் ஒரே வாசகமாக இருக்கும் எட்டாம் எண் விலக்கு இதற்குத்தான். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு, உடல்நலத்துக்கு அவசியம் என்று மருத்துவர் சான்றளிப்பது ஆகியவை மட்டுமே விதிவிலக்கு. பிறகு சிக்கல் வந்து ஐ.சி.யூ. போனாலும், மூலகாரணம் அழகு அறுவை என்று மறுப்பார்கள். ஆகவே பேக்கேஜ் தொகைக்கு மேல் ஒரு பங்கு கையில் இல்லாமல் இறங்காதீர்கள்.

தொப்புள் குடலிறக்கம் ஸ்கேனில் தெரிந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் கிளெய்ம் கேட்கலாம். பெரும்பாலான பாலிசிகளில் அதற்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு. "எல்லாவற்றையும் ஹெர்னியா என்று எழுதித் தருகிறோம்" என்று எந்த இடமாவது சொன்னால் ஏற்காதீர்கள். தியேட்டர் குறிப்பில் வெட்டின் நீளமும் எடுத்த தோலின் எடையும் இருக்கும், படித்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். பாலிசியே ரத்தாகலாம்.

முன்பணத்துக்கு ரசீது, திரும்பத் தரும் நிபந்தனை இரண்டும் எழுத்தில் வேண்டும். மயக்க மருத்துவர் சோதித்துவிட்டு வேண்டாம் என்றால் முழுத்தொகையும் திரும்புமா என்று குறிப்பாகக் கேளுங்கள். பேக்கேஜில் மயக்க மருத்துவர் கட்டணம், இரவு தங்கல், பெல்ட், மருந்து, ஊசி வைத்து நீர் எடுப்பது, ஓரத்தில் தோல் துருத்தினால் செய்யும் சிறு திருத்தம் ஆகியவை உள்ளதா என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். விட்டுப்போவது பெரும்பாலும் கடைசி இரண்டும்தான்.

---

கொங்குக்கிளி:

முன்பணம் கட்டவில்லை. எம்.சிஎச். முடித்த ஒருவரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறோம். ஒன்று சொல்ல விட்டுப்போனது. கல்யாணத்துக்கு முன் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. லேப்ராஸ்கோப்பி இல்லை, வலது விலாவுக்குக் கீழே சாய்வாக நீளத் தழும்பு இருக்கிறது. பழைய விஷயம்தானே, இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

---

தையல்காரன்:

நிறையவே உண்டு.

வயிற்றுத் தோலுக்கு இரத்தம் மூன்று பக்கத்திலிருந்து வருகிறது: நடுவில் தசையைத் துளைத்து வரும் குழாய்கள், கீழே தொடையிடுக்குப் பக்கமிருந்து வருபவை, பக்கவாட்டில் விலா இடுக்குகளிலிருந்து வருபவை. டம்மி டக்கில் தோலைத் தசையிலிருந்து பிரிக்கும்போது முதல் வகையில் பெரும்பகுதி அறுந்துவிடும். கீழே வெட்டும்போது இரண்டாவதும் போகும். எஞ்சியிருப்பது பக்கவாட்டு வரத்து மட்டுமே. வலது பக்கத்தில் அந்த வரத்தின் குறுக்கேதான் அக்காவின் பழைய தழும்பு ஓடுகிறது. தழும்புக்கும் புதிய வெட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் தோல் கருகி விழ வாய்ப்பு உண்டு. எத்தனை வருடம் ஆனாலும் தழும்பைத் தாண்டிப் பழையபடி இரத்தம் ஓடும் என்று நம்பிவிட முடியாது.

ஆபரேஷனே முடியாது என்பதில்லை. வலது பக்கம் தோலைக் குறைவாகப் பிரிப்பது, தொப்புளுக்குக் கீழே மட்டும் செய்யும் சிறிய டம்மி டக், இழுவையைக் குறைத்துத் தைப்பது, அந்தப் பகுதியில் லைப்போவை அறவே விடுவது என்று வழிகள் உண்டு. எது பொருந்தும் என்பதைத் தழும்பின் நீளமும் இடமும் தீர்மானிக்கும். ஆனால் லேசர் லைப்போவும் முழு டம்மி டக்கும் ஒரே நாளில் என்ற அந்தப் பேக்கேஜ் அக்காவுக்குப் பொருந்தாது.

அடுத்த வாரம் போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தால் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் தழும்பை டேப்பால் அளந்து, விலா விளிம்பிலிருந்தும் தொப்புளிலிருந்தும் எத்தனை செ.மீ. என்று குறித்து, நின்றபடி ஒரு படம், உட்கார்ந்தபடி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அந்தத் தழும்பைப் பற்றி நீங்கள் சொல்லாமலே கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் மூன்றாவது ஒருவரிடம் நேரம் வாங்குங்கள்.